வரிசை வாசித்த கைகள்: மரபணு ஆய்வகத்தில் ஆராய்ச்சி உதவியாளர்கள்

மரபணு வரிசைப்படுத்தும் ஆய்வகத்தில் ஆராய்ச்சி உதவியாளர் செய்யும் வேலை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில்தான் முதலில் உருத்திரண்டது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மூலக்கூற்று உயிரியல் ஆய்வகம் 1962-இல் அங்கே புதிய கட்டடத்தில் திறக்கப்பட்டபோது, ஃபிரெடெரிக் சாங்கர் தம் சிறு குழுவோடு அங்கு வந்து சேர்ந்தார். இன்சுலின் என்னும் புரதத்தில் அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டறிந்ததற்காக 1958-இலேயே வேதியியல் நோபல் பரிசு பெற்றவர் அவர். பரிசு பெற்ற பிறகும் நிர்வாகப் பொறுப்புகளில் அவருக்கு நாட்டம் வரவில்லை. ஆய்வு மேசையில் நின்று தம் கையால் சோதனை செய்வதே அவருக்குப் பிடித்தது. பக்கத்தில் நின்று அதே வேலையை அதே கவனத்தோடு செய்யக்கூடிய சிலர் மட்டுமே அவருக்குத் தேவைப்பட்டார்கள்.

அப்படி வந்தவர்களில் பார்ட் பாரெல் 1963-இல் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு சேர்ந்தவர். பட்டம் எதுவும் இல்லை. ஆலன் கூல்சன் 1967-இல் சேர்ந்தார். டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் முறை என்று எதுவுமே அப்போது இல்லை. ஆர்என்ஏ மூலக்கூறுகளைக் கதிரியக்கப் பாஸ்பரஸால் குறியிட்டு, நொதிகளால் துண்டாக்கி, துண்டுகளைத் தாளில் பிரித்து, எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று புதிரை விடுவிப்பதுபோல் கணித்துக்கொண்டிருந்த காலம் அது. உதவியாளர்கள் அந்தப் பயிற்சியில்தான் தேர்ந்தார்கள். பத்து இருபது எழுத்துகளுக்குக்கூட மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கில்பர்ட்டும் அவருடைய ஆய்வகப் பணியாளர் ஆலன் மேக்ஸமும் ஒரு டிஎன்ஏ பகுதியின் 24 எழுத்துகளை 1973-இல் வெளியிட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. மாதம் ஒன்றுக்கு ஓர் எழுத்து என்ற கணக்கு.

டிஎன்ஏ என்பது அடினைன், சைட்டோசின், குவானைன், தைமின் என்ற நான்கு வேதி அலகுகள் நீளமாகக் கோத்த இழை. அலகுகளின் முதலெழுத்தை வைத்து அவற்றை ஏ, சி, ஜி, டி என்று எழுதுவது வழக்கம். இந்த எழுத்துகளை வரிசையாகப் படிக்க சாங்கரும் கூல்சனும் 1975-இல் 'கூட்டல் கழித்தல்' என்று அழைக்கப்பட்ட முறையை வெளியிட்டார்கள். அதைக் கொண்டு ஃபை எக்ஸ் 174 என்ற வைரஸின் முழு மரபணுத்தொகையும் படிக்கப்பட்டு 1977 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வெளியானது. முழுமையாக எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்ட முதல் டிஎன்ஏ மரபணுத்தொகை அதுவே. திருத்தப்பட்ட கணக்கில் 5,386 எழுத்துகள். கட்டுரைக்கு ஆசிரியர் ஒன்பது பேர். பாரெல், கூல்சன் இருவர் பெயரும் அதில் உண்டு.

அதே ஆண்டின் இறுதியில் வந்த முறைதான் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இந்த வேலையின் அடித்தளமாக நின்றது. டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதிக்கு வழக்கமான நான்கு எழுத்துகளோடு, அடுத்த எழுத்தைப் பிணைக்கும் கொக்கி இல்லாத போலி எழுத்து ஒன்றையும் சிறிதளவு கொடுத்தால், அந்தப் போலி எழுத்து சேர்ந்த இடத்தில் இழை வளராமல் நின்றுவிடும். நான்கு குழாய்களில் நான்கு போலி எழுத்துகளைத் தனித்தனியே இட்டால் ஒவ்வொரு குழாயிலும் வெவ்வேறு நீளமுள்ள துண்டுகள் சேரும். அவற்றைக் கூழ் போன்ற ஜெல்லில் மின்சாரம் செலுத்தி நீளவாரியாகப் பிரித்தால் எழுத்தின் வரிசை தானாகத் தெரியும். இந்தப் போலி எழுத்துகள் எல்லாமே அப்போது விலைக்குக் கிடைக்கவில்லை. சிலவற்றை ஆய்வகத்திலேயே தயாரிக்க வேண்டியிருந்தது. 1977 டிசம்பரில் வந்த அந்தக் கட்டுரையில் சாங்கர், நிக்லென், கூல்சன் என மூன்று பெயர்கள். சாங்கரைத் தவிர்த்த இருவரும் அவருடைய உதவியாளர்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் ஹார்வர்டிலிருந்து வேறொரு வேதிமுறை வெளியாகியிருந்தது. அதில் முதல் பெயர் மேக்ஸமுடையது, இரண்டாவதுதான் கில்பர்ட்டுடையது. 1980-இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதியை பால் பெர்க்கும் மறுபாதியை சாங்கரும் கில்பர்ட்டும் பெற்றார்கள். உதவியாளர்களுக்கு அதில் பங்கில்லை; ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது என்பது நோபல் விதி.

சாங்கரின் இந்த முறை ஆய்வகத்துக்கு ஆய்வகம் பரவியபோது உதவியாளரின் நாள் எப்படி இருந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பின்னால் வந்த ஒவ்வொரு இயந்திரமும் அந்த நாளின் ஒரு பகுதியைக் குறைக்கவே வந்தது.

வேலை கண்ணாடியில் தொடங்கும். ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயரமுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகளைத் தூசு, விரல்ரேகை எதுவும் இல்லாமல் கழுவி, ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பிறகு பிரிக்கும்போது ஜெல் ஒரு தகட்டிலேயே ஒட்டி நிற்பதற்காக மற்றொன்றுக்குச் சிலிக்கோன் பூச்சு. இரண்டுக்கும் நடுவே ஓரங்களில் மெல்லிய பட்டைகளை வைத்துக் கவ்விகளால் இறுக்கினால், இடையில் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். தொடக்கத்தில் ஜெல்கள் இதைவிடப் பல மடங்கு தடிப்பாக இருந்தன. மெல்லிய ஜெல்லில் கோடுகள் கூர்மையாக விழும் என்று சாங்கரும் கூல்சனும் 1978-இல் காட்டிய பிறகு எல்லாரும் மெல்லிய ஜெல்லுக்கு மாறினார்கள். அந்த மாற்றத்தால் வாசிக்கக்கூடிய எழுத்துகளின் எண்ணிக்கை உயர்ந்தது. ஜெல் ஊற்றுகிறவரின் சிரமமும் உயர்ந்தது.

ஊற்றும் திரவத்தில் அக்ரிலமைடும், இழைகள் மடங்கிச் சுருளாமல் தடுக்க ஏராளமான யூரியாவும் இருக்கும். அக்ரிலமைடு நரம்பைத் தாக்கும் நஞ்சு. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. இறுக வைக்கும் வேதிப்பொருள்களைச் சேர்த்ததும் சில நிமிடத்துக்குள் தகடுகளுக்கிடையே ஊற்றி முடித்தாக வேண்டும். தகடுகளைச் சாய்த்துப் பிடித்து, ஒரே சீராக, நிறுத்தாமல் ஊற்றுவதில்தான் கைப்பழக்கம் தெரியும். நடுவில் ஒரு குமிழி சிக்கிக்கொண்டால் அந்த இடத்தில் கோடுகள் வளைந்துபோகும். தட்டிப் பார்ப்பார்கள், போகாவிட்டால் எல்லாவற்றையும் கழுவி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். மேல் விளிம்பில் சீப்பு செருகி, இறுகியதும் எடுத்து, அந்தப் பள்ளங்களில் ஏ, சி, ஜி, டி என்று நான்கு மாதிரிகளை அடுத்தடுத்து இட்டு, ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் செலுத்த வேண்டும். ஓட்டத்தில் ஜெல் சூடேறும். நடுப்பகுதி ஓரத்தைவிட அதிகம் சூடேறினால் நடுவிலுள்ள துண்டுகள் வேகமாக ஓடி, கோடுகள் சிரிக்கும் வாய்போல் வளைந்துவிடும். இதைத் தடுக்க அலுமினியத் தகடு ஒன்றைக் கண்ணாடியோடு சேர்த்துக் கவ்வுவார்கள். அளவு மீறிய சூட்டில் கண்ணாடி விரிசல் விடுவதும் உண்டு.

சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு தகடுகளைப் பிரித்து, ஜெல்லைத் தடித்த தாளுக்கு மாற்றி உலர்த்தி, இருட்டறையில் எக்ஸ்ரே ஃபிலிமோடு சேர்த்துப் பெட்டிக்குள் மூடி வைப்பார்கள். ஃபிலிமைக் கழுவினால் மறுநாள் காலையில் ஏணிபோன்ற கோடுகள் தெரியும். கீழிருந்து மேலாக, எந்தப் பத்தியில் அடுத்த கோடு விழுகிறது என்று பார்த்துக்கொண்டே ஒருவர் எழுத்துகளை வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் எழுதிக்கொள்வார். ஒரு நல்ல ஃபிலிமில் 200 முதல் 300 எழுத்துகள் வரை கிடைக்கும். சி, ஜி அடர்ந்த இடங்களில் இழை தன் மேலேயே மடங்கிக்கொள்வதால் கோடுகள் நெருங்கி ஒன்றின்மேல் ஒன்றாக விழும். அங்கே எத்தனை எழுத்து இருக்கிறது என்பது வாசிப்பவரின் அனுபவத்தைப் பொறுத்தது. நல்ல வாசகர் அதே பகுதியை எதிர்த்திசையிலிருந்தும் படித்துப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டார்.

குறியிடப் பயன்பட்ட பாஸ்பரஸ்-32 கதிரியக்கத் தனிமத்தின் அரையாயுள் 14 நாள். ஆகவே புதிய குப்பி வந்து இறங்கும் நாளே ஆய்வகத்தின் வார அட்டவணையைத் தீர்மானித்தது. வேலை முழுவதும் தடித்த பெர்ஸ்பெக்ஸ் தடுப்புக்குப் பின்னால். சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் பட்டை. முடிந்ததும் மேசை, கை, காலணி எல்லாவற்றையும் கைகர் கருவியால் சோதிப்பது. 1983-இல் கந்தகம்-35 என்ற மென்மையான கதிர்வீச்சுடைய மாற்று வந்தது. அதனால் ஆபத்தும் குறைந்தது, கோடுகளும் இன்னும் மெல்லியதாக விழுந்தன.

இந்தக் காலத்தில் ஓர் உதவியாளர் டிஎன்ஏவைப் பிரித்தெடுப்பதிலிருந்து கடைசி எழுத்தைப் படிப்பது வரை முழு வேலையையும் தாமே செய்தார். கண்டுபிடிப்புகள் மேசையிலேயே நிகழ்ந்ததற்கு அதுதான் காரணம். ஃபை எக்ஸ் 174 வைரஸில் ஒரு மரபணுவுக்கு உள்ளேயே, எழுத்துகளை வேறு இடத்திலிருந்து மும்மூன்றாகப் பிரித்தால், இன்னொரு மரபணு ஒளிந்திருக்கிறது என்பதை 1976-இல் பாரெல், கில்லியன் ஏர், கிளைட் ஹட்சிசன் ஆகியோர் அறிவித்தார்கள். மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் வரிசையாக அமைந்தவை என்ற பொதுக் கருத்து அதோடு ஆட்டம் கண்டது. மூன்று ஆண்டு கழித்து பாரெல், ஆலன் பேங்கியர், ஜாக் ட்ரூயின் மூவரும் அதைவிடப் பெரிய செய்தியைத் தந்தார்கள். எல்லா உயிர்களுக்கும் மரபணுக் குறியீடு ஒன்றே என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருக்க, மனித செல்லின் மைட்டோகாண்டிரியாவில் குறியீடு சற்று மாறியிருந்தது. மற்ற இடங்களில் 'நிறுத்து' என்று பொருள்படும் ஒரு மும்மை அங்கே டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் குறித்தது. பள்ளிப் படிப்போடு வந்தவரின் பெயர் இரண்டு கட்டுரைகளிலும் முதலில் இருக்கிறது.

மனித மைட்டோகாண்டிரியாவின் முழு வரிசை 1981-இல் 16,569 எழுத்துகளாக வெளியாயிற்று. உலகெங்கும் வம்சாவளி ஆய்வுகளுக்கும் நோய் ஆய்வுகளுக்கும் அளவுகோலாக இன்றும் பயன்படுவது இதன் திருத்திய வடிவம்தான். 1999-இல் வேறொரு குழு, முதலில் பயன்பட்ட அதே நஞ்சுக்கொடியின் டிஎன்ஏவை மறுபடி படித்துப் பார்த்தது. பதினோரு இடங்களில் மட்டுமே பிழை இருந்தது; அவற்றில் ஒன்று, இரண்டு சி என்று எழுதப்பட்டிருந்த இடத்தில் ஒரு சிதான் இருந்தது என்பது. மற்றவற்றில் சில, தெளிவில்லாத இடங்களை நிரப்ப மாட்டின் டிஎன்ஏவையும் ஆய்வகச் செல்களின் டிஎன்ஏவையும் துணைக்கொண்டதால் நேர்ந்தவை. கண்ணால் கோடு பார்த்து, கையால் எழுதி, பதினாறாயிரம் எழுத்துகளில் இவ்வளவு குறைவாகத் தவறியது அந்த மேசைகளில் இருந்தவர்களின் கவனத்துக்கு நல்ல சான்று. பழைய ஆய்வுகளின் எண்கள் குழம்பாதிருக்க, திருத்திய வரிசையிலும் அந்தக் கூடுதல் சி நின்ற இடம் வெற்றிடமாகவே விடப்பட்டிருக்கிறது.

அடுத்த படி, நீளமான டிஎன்ஏவை ஒழுங்கில்லாமல் சிதறடித்து, துண்டுகளைப் படித்து, ஒன்றோடொன்று பொருத்திச் சேர்ப்பது. யோவாகிம் மெஸ்ஸிங் எம்13 என்ற வைரஸைத் துண்டு சுமக்கும் வாகனமாக மாற்றியமைத்தார். வேற்றுத் துண்டு ஏறியிருந்தால் பாக்டீரியா வளரும் தட்டில் வெள்ளைப் புள்ளி, ஏறாவிட்டால் நீலப் புள்ளி. வெள்ளையைப் பல்குத்தும் குச்சியால் தொட்டெடுத்தால் போதும். பொருத்தும் வேலைக்கு ரோஜர் ஸ்டேடன் கணினி நிரல்கள் எழுதினார். பின்னர் ஃபிலிமை ஒளிமேசையில் விரித்து, பேனா போன்ற கருவியால் கோட்டைத் தொட்டால் எழுத்து நேராகக் கணினிக்குப் போகும் ஏற்பாடும் வந்தது. வாய்விட்டுச் சொல்லி எழுதுவது குறைந்தது. 1984-இல் எப்ஸ்டைன்-பார் வைரஸின் 172,282 எழுத்துகளை பாரெலின் குழு வெளியிட்டபோது, கை ஜெல் முறை எவ்வளவு தூரம் தாங்கும் என்பது தெரிந்தது. சாங்கர் அதற்கு முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றுத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார். கூல்சன், ஜான் சல்ஸ்டனோடு சேர்ந்து சி. எலிகன்ஸ் என்ற நுண்புழுவின் மரபணுத்தொகைக்கு வரைபடம் தயாரிக்கப் போனார்.

மனித மரபணுத்தொகையில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். கை ஜெல்லால் அது ஆகிற காரியமன்று. கலிஃபோர்னியாவில் லீராய் ஹூட்டின் ஆய்வகத்தில் லாய்ட் ஸ்மித் முதலானோர் நான்கு எழுத்துகளுக்கும் நான்கு நிற ஒளிரும் சாயங்களைப் பயன்படுத்தும் முறையை 1986-இல் வெளியிட்டார்கள். நான்கு பத்திகளுக்குப் பதில் ஒரே பத்தி. ஃபிலிமுக்குப் பதில் லேசர் கதிர். அப்ளைடு பயோசிஸ்டம்ஸ் நிறுவனம் அதை இயந்திரமாக்கி விற்றது. கதிரியக்கம் போயிற்று, இருட்டறை போயிற்று. ஆனால் கண்ணாடித் தகடும் ஜெல் ஊற்றுவதும் அப்படியே இருந்தன. இன்னும் சொல்லப்போனால் முன்பைவிட அதிகச் சுத்தம் தேவைப்பட்டது. தகட்டில் ஒட்டிய தூசும் லேசரில் ஒளிரும் அல்லவா? ஓடி முடிந்த ஜெல்லின் படத்தைக் கணினித் திரையில் வைத்து, ஒவ்வொரு பத்தியும் எந்த வழியாகக் கீழிறங்கியது என்று கோடு இழுத்துச் சரிபார்ப்பது புதிய வேலையாக முளைத்தது. பக்கத்துப் பத்திக்குக் கோடு தாவிவிட்டால் ஒரு மாதிரியின் எழுத்துகள் இன்னொன்றின் பெயரில் பதிவாகிவிடும்.

இந்தத் தொழிலின் அமைப்பே மாறியது 1990-களில். ஈஸ்டின் மூன்றாவது குரோமோசோமை ஐரோப்பாவின் 35 ஆய்வகங்கள் பங்கு போட்டுப் படித்து 1992-இல் வெளியிட்டன. சிறு ஆய்வகங்கள் ஆளுக்கொரு துண்டு என்று பிரித்துக்கொண்ட பழைய வழியின் உச்சம் அது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே ஹிங்ஸ்டன் கிராமத்தில் வெல்கம் அறக்கட்டளையும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து சாங்கர் மையத்தைத் தொடங்கின. முதல் இயக்குநர் சல்ஸ்டன். அட்லாண்டிக்குக்கு அப்பால் செயின்ட் லூயிஸ் நகரில் பாப் வாட்டர்ஸ்டனின் மையம் அதற்கு இணை. வரிசைப்படுத்தும் வேலைக்கு ஆளெடுக்கும்போது சல்ஸ்டன் பட்டத்தை ஒரு நிபந்தனையாக வைக்கவில்லை. கைநிதானமும், ஒரே வேலையை அலுக்காமல் சரியாகச் செய்யும் மனமும், கூட்டத்தோடு ஒத்துப்போகும் குணமும் இருந்தால் போதும் என்று அறிவியல் பின்னணியே இல்லாத இளைஞர்கள் பலரைச் சேர்த்தார். பாரெல் வந்த வழி விதிவிலக்காக இருந்தது போய், ஒரு நிறுவனத்தின் வழக்கமாயிற்று.

அங்கே வேலை பகுதி பகுதியாகப் பிரிந்தது. வரைபடக் குழு, துண்டு சுமக்கும் பாக்டீரியாக்களை வளர்க்கும் குழு, புள்ளிகளைப் பொறுக்கும் குழு, டிஎன்ஏவைச் சுத்திகரிக்கும் குழு, ஜெல் ஓட்டும் குழு எனத் தனித்தனி. எட்டுக்குப் பன்னிரண்டு என்று 96 குழிகளுள்ள பிளாஸ்டிக் தட்டே எல்லாவற்றுக்கும் அடிப்படை அலகு. குழிக்குக் குழி சரியாக 9 மில்லிமீட்டர் தொலைவு. எட்டு முனை, பன்னிரண்டு முனை பிப்பெட்டுகள் அந்த அளவுக்கே செய்யப்பட்டவை. தட்டைத் திருப்பி வைத்துவிட்டால் முதல் மாதிரி கடைசி மாதிரியாகிவிடும் என்பதால் ஒரு மூலையை வெட்டி அடையாளம் வைத்தார்கள். நாள் முழுவதும் பிப்பெட்டின் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தவர்களுக்கு மணிக்கட்டும் தோளும் வலிக்கத் தொடங்கின. இதே காலத்தில் ஸ்வீடனில் நடந்த ஆய்வுகள் ஆய்வகப் பணியாளர்களின் கைவலியைப் பிப்பெட் பயன்பாட்டோடு தொடர்புபடுத்தின. மென்மையாக அழுத்தும் பிப்பெட்டுகளும், புள்ளி பொறுக்கும் ரோபோக்களும் வந்தன. ஒருவர் தொடக்கம் முதல் இறுதி வரை பார்த்த காலம் அதோடு முடிந்தது. தம் கையைக் கடந்த தட்டில் என்ன மரபணு இருந்தது என்பது பெரும்பாலோருக்குத் தெரியாமலே போயிற்று. இது ஓர் இழப்பு என்று சொல்லத்தான் வேண்டும். அதன் விலையாகக் கிடைத்த வேகம் இல்லாமல் மனித மரபணுத்தொகை முடிந்திருக்காது என்பதும் உண்மை.

முழுப் படமும் கண்ணில் பட்ட ஒரே இடம், 'ஃபினிஷிங்' எனப்பட்ட முடித்தல் குழு. கணினி துண்டுகளைப் பொருத்திய பிறகும் ஓட்டைகள் இருக்கும்; ஒரே வரி பலமுறை திரும்பத் திரும்ப வரும் இடங்களில் நிரல் ஏமாந்து இரண்டைத் தவறாக ஒட்டியிருக்கும். முடிப்பவர் திரையில் நான்கு நிற அலைகளைப் பார்த்து எது உண்மை, எது இயந்திரத்தின் பிழை என்று தீர்ப்புச் சொல்வார். ஃபில் கிரீன் உருவாக்கிய நிரல் ஒவ்வோர் எழுத்துக்கும் நம்பகத்தன்மை மதிப்பெண் இட்டது. 20 என்றால் நூறில் ஒன்று தவறலாம், 40 என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. பத்தாயிரத்துக்கு ஒரு பிழைக்கு மேல் இருக்கக் கூடாது என்பதே முடித்த வரிசைக்கான விதி. மதிப்பெண் குறைந்த இடத்துக்குப் புதிய பிரைமர் (நகலெடுப்பு தொடங்க ஒட்டும் குறுந்துண்டு) வடிவமைத்து, மீண்டும் படிக்கச் சொல்லி, வந்ததும் ஒட்டிப் பார்ப்பார்கள். 1996-இல் பெர்முடாவில் கூடிய மையங்கள், ஆயிரம் எழுத்துக்கு மேல் சேர்ந்த எந்த வரிசையையும் 24 மணி நேரத்துக்குள் எல்லாருக்கும் வெளியிடுவது என்று ஒத்துக்கொண்டன. ஒரு நாள் உழைப்பு மறுநாளே உலகின் பொதுச்சொத்தாகும் என்ற அந்த முடிவு இந்தத் துறை எடுத்த மிக நல்ல முடிவுகளில் ஒன்று.

1998-இல் அறிவிக்கப்பட்ட 3700 என்ற இயந்திரம் கண்ணாடித் தகட்டையே ஒழித்தது. தலைமுடி போன்ற 96 நுண்குழல்களில் ஜெல்லைத் தானே நிரப்பி, தானே மாதிரியை உறிஞ்சி, இரவு பகலாக ஓடியது. கிரெய்க் வென்டரின் செலெரா நிறுவனம் மனித மரபணுத்தொகையைப் படிக்க இதை நம்பியே களமிறங்கியது. பொதுத் திட்டமான மனித மரபணுத் திட்டத்தின் மையங்களும் வாங்கிக் குவித்தன. ஜெல் ஊற்றும் கலையை ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள் சில மாதத்தில் வேறு வேலைக்கு மாற வேண்டியிருந்தது. 2000 ஜூன் 26 அன்று மனித மரபணுத்தொகையின் வரைவு அறிவிக்கப்பட்டது. 2003 ஏப்ரலில் திட்டம் நிறைவு. மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஹிங்ஸ்டன் மையமே படித்திருந்தது. இருந்தும் 2004-இல் வெளியான முடிவுக் கட்டுரை 341 இடைவெளிகள் மிச்சமிருப்பதாக ஒப்புக்கொண்டது. திரும்பத் திரும்ப வரும் வரிகள் நிறைந்த அந்த இடங்கள், நீளமான இழைகளைப் படிக்கும் புதிய கருவிகளின் துணையோடு 2022-இல்தான் நிரம்பின.

இதற்கிடையே கேம்பிரிட்ஜிலேயே அடுத்த முறை பிறந்தது. சென்னையில் 1966-இல் பிறந்து குழந்தையாக இங்கிலாந்துக்குச் சென்ற சங்கர் பாலசுப்பிரமணியனும் டேவிட் கிளெனர்மனும் சொலெக்ஸா நிறுவனத்தை 1998-இல் தொடங்கினார்கள். கண்ணாடிப் பரப்பில் கோடிக்கணக்கான டிஎன்ஏ துண்டுகளை ஒட்டவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்துக்கு ஓர் எழுத்து மட்டும் சேர்ந்து நிற்கும்படி செய்து, அதன் நிறத்தைப் படம் பிடித்து, தடையை நீக்கி அடுத்த எழுத்துக்குப் போவது அவர்களின் முறை. 2005-இல் அதைக் கொண்டு முதலில் படித்தது ஃபை எக்ஸ் 174. நிறுவனத்தை 2007-இல் இல்லுமினா வாங்கியது. இன்றும் அந்த இயந்திரங்களில் மாதிரியோடு சிறிதளவு ஃபை எக்ஸ் டிஎன்ஏவைக் கலந்து ஓட்டுவது வழக்கம். அதன் வரிசை எழுத்துப் பிசகாமல் தெரியும் என்பதால், ஓட்டத்தில் எவ்வளவு பிழை என்று அதை வைத்தே அளக்கிறார்கள்.

படிப்பது முழுவதும் இயந்திரத்தின் வேலையாகிவிட்டதால், உதவியாளரின் திறமை இப்போது 'லைப்ரரி' தயாரிப்புக்கு நகர்ந்திருக்கிறது. டிஎன்ஏவை ஒலியலையாலோ நொதியாலோ சில நூறு எழுத்து நீளத்துக்கு உடைத்து, இரு முனையிலும் அடாப்டர் என்ற குறுந்துண்டுகளை ஒட்டி, எந்த மாதிரி யாருடையது என்று காட்டும் குறியெழுத்துகளைச் சேர்த்து, வேண்டாததைக் கழுவி நீக்குவதுதான் அது. கழுவப் பயன்படுபவை டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும் நுண்ணிய காந்த மணிகள். மனித மரபணுத் திட்டத்தின்போது அமெரிக்காவின் வைட்ஹெட் மையத்தில் உருவான உத்தி. மணிகள் பழுப்பு நிறக் கலங்கலாக இருக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் பயன்படுத்தாமல், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு நன்றாகக் கலக்கி எடுக்க வேண்டும். மணிக்கும் மாதிரிக்கும் உள்ள விகிதம் எந்த நீளத் துண்டு ஒட்டும், எது கழுவிப்போகும் என்பதை நிர்ணயிப்பதால், பிப்பெட் முனையின் வெளிப்புறத்தில் ஒட்டிய ஒரு துளிகூடக் கணக்கை மாற்றிவிடும். தட்டைக் காந்தத்தின் மேல் வைத்ததும் கலங்கல் தெளிந்து மணிகள் சுவரோரம் ஒதுங்கும். தெளிந்த நீரை உறிஞ்சி, அன்றன்று கலந்த 80 சதவீத எத்தனாலால் இருமுறை கழுவுவார்கள். பழைய எத்தனால் ஆவியாகிச் செறிவு குறைந்திருந்தால் டிஎன்ஏவும் சேர்ந்து கரைந்து போய்விடும். ஈரம் மிஞ்சினால் அடுத்த வினை கெடும். அதிகம் காய்ந்தால் மணிப் படலம் வறண்ட குளத்தின் தரைபோல வெடித்து, டிஎன்ஏ திரும்ப வராது. பளபளப்பு மங்கும் அந்தக் கணத்தைக் கண்டு நிறுத்துவது எந்தக் கையேட்டிலும் நிமிடக் கணக்காகச் சொல்லிவிட முடியாதது.

பிறகு அளவு பார்ப்பது. அடாப்டர்கள் தமக்குள்ளேயே ஒட்டிக்கொண்ட குட்டைத் துண்டுகள் மிஞ்சியிருந்தால் இயந்திரம் அவற்றையே விரும்பிப் படித்து, விலையுயர்ந்த ஓட்டம் வீணாகும். குறியெழுத்து ஒன்றை இரண்டு மாதிரிகளுக்குத் தவறி இட்டால் இருவர் தரவும் பிரிக்க முடியாமல் கலந்துவிடும். அதனால் இன்றைய ஆய்வகத்தில் ஒவ்வொரு குழாய்க்கும் பார்கோடு; ஒவ்வொரு படியும் கணினிப் பதிவில். தரவு வந்த பின் நிரல் எழுதிப் பகுப்பாய்வது தனித் துறையாக வளர்ந்து, ஆய்வகமே 'ஈர' ஆய்வகம், கணினி ஆய்வகம் என்று இரண்டாகப் பிரிந்தது. இரண்டிலும் கால் வைத்திருக்கும் உதவியாளருக்கே இப்போது மதிப்பு அதிகம்.

2020 ஜனவரியில் சீனாவிலிருந்து வெளியான கொரோனா வைரஸின் வரிசை 29,903 எழுத்து நீளம். பர்மிங்காமின் ஜோஷ் குயிக் அதே மாதத்தில் ஆர்டிக் செய்முறையை வெளியிட்டார். வைரஸை ஏறத்தாழ 400 எழுத்துகளாக, ஒன்றன் விளிம்பு அடுத்ததன்மேல் படியும்படி 98 துண்டுகளாகப் பெருக்குவது அது. அண்டைத் துண்டுகள் குழம்பாமலிருக்க ஒற்றைப்படைத் துண்டுகள் ஒரு குழாயிலும் இரட்டைப்படைத் துண்டுகள் மறு குழாயிலும் பெருக்கப்படும். டெல்டா வகை பரவியபோது சில துண்டுகள் பெருகாமல் விடுபட்டன. பிரைமர் ஒட்டும் இடமே திரிந்திருந்ததுதான் காரணம். 2021-இல் பிரைமர்கள் மாற்றியமைக்கப்பட்டன. ஒமிக்ரான் வந்ததும் மறுபடி மாற்றம். பிரிட்டனில் 2020 வசந்தத்திலேயே காக்-யுகே கூட்டமைப்பும், இந்தியாவில் அந்த ஆண்டு டிசம்பரில் இன்சாகாக் கூட்டமைப்பும் இந்த வேலையை நாடளாவிய அளவில் ஒருங்கிணைத்தன. தமிழ்நாட்டு மாதிரிகள் முதலில் வெளி மாநில ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டு, முடிவுக்குக் காத்திருக்க நேர்ந்தது. 2021 செப்டம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் மாநில அரசு தன் சொந்த வரிசைப்படுத்தும் ஆய்வகத்தைத் திறந்தது.

இந்த வேலையைச் செய்தவர்களின் பெயர் எங்கே பதிவாகிறது என்பதிலும் மாற்றம் வந்திருக்கிறது. சாங்கரின் காலத்தில் ஜெல் ஓட்டியவர் கட்டுரையின் ஆசிரியர். அறையில் இருந்ததே சிலர்தான். மனித மரபணுத் திட்டத்தின் கட்டுரைகளில் மையங்களின் பெயரும் தலைமை விஞ்ஞானிகளின் பெயரும் முன்னே நின்றன. தட்டுகளைத் தயாரித்த பெருங்கூட்டம் பெரும்பாலும் நன்றியுரைக்குள் அடங்கியது. காக்-யுகே கட்டுரைகள் பல நூறு பெயர்களை அச்சிட்டன. நிதி திரட்டியவர், மாதிரி சேகரித்தவர், வரிசைப்படுத்தியவர், மென்பொருள் எழுதியவர் என்று வேலைவாரியாகப் பிரித்த பட்டியல் அது. வைரஸ் வரிசைகளைத் திரட்டும் ஜிசைடு தரவுத்தளத்திலும் ஒவ்வொரு வரிசையோடும் மாதிரி வந்த ஆய்வகம், வரிசையைப் படித்து அனுப்பிய ஆய்வகம், பங்களித்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன.